மார்ச்சில் என்ன சொன்னீர்கள்?

கும்பகோணம்
30.11.2025

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐபிஎல் கிரிக்கெட்டில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை சென்னை அணி வாங்கிக்கொண்டதிலிருந்து உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வாசகர் கடிதங்கள் களைகட்டுகின்றன. ஒருவருக்கு அது துரோகம், இன்னொருவருக்குத் தொலைநோக்கு. இரண்டு பேருமே “ஆதாரத்தோடு சொல்கிறேன்” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆதாரம் என்று யாராவது நீட்டினால் அதன் தேதியைப் பார்க்காமல் என்னால் விட முடியாது.

கடன் சங்கங்களுக்குத் தணிக்கைக்குப் போனால் ரொக்கத்தை எண்ணி முடித்த கையோடு வவுச்சர் கட்டைப் புரட்டுவேன். ஏப்ரல் தொடங்கி மார்ச் வரைக்கும் எல்லாச் செலவுக்கும் ஒரே பேனா, ஒரே கை, ஒரே மடிப்பு என்றிருந்தால் நாங்கள் வருவதற்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து எழுதியது என்று அர்த்தம். கூட்டல் பிசகாது. ரப்பர் ஸ்டாம்ப்கூட இருக்கும். அப்படியும் அதற்குத் தணிக்கைத் தடை எழுதித்தான் ஆக வேண்டும். செலவு நடந்தபோது அந்தக் காகிதம் இருக்கவில்லையே! சென்னை சூப்பர் கிங்ஸ் நிர்வாகத்தைப் பற்றி ரசிகர்கள், ஐபிஎல் தொடங்கும் மார்ச்சில் அல்லாமல் அது முடியும் மே மாதக் கடைசியில் எடுத்து வைக்கும் ஆதாரங்களில் முக்கால்வாசி இந்த மாதிரி முன்தேதியிட்ட வவுச்சர்கள்தான்.

வயது விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கும் எங்கள் கூட்டத்தில் இது தீராத வழக்கு. இரண்டு வருடத் தடை முடிந்து 2018-ல் சென்னை அணி திரும்பி வந்தபோது ஏலத்தில் எடுத்தவர்களில் பலர் முப்பதைத் தாண்டியவர்கள். வாட்சனுக்கு 36, ஹர்பஜனுக்கு 37, இம்ரான் தாஹிருக்கு 39 ஆகப்போகிறது. ‘டாடீஸ் ஆர்மி’ என்று ஊரே சிரித்தது. இறுதி ஆட்டத்தில் வாட்சன் முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்கூட எடுக்காமல் நின்று, பிறகு 57 பந்தில் 117 அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். ராயுடு அந்த சீசனில் 602 ரன். மறுநாள் காலையில் எங்கள் கூட்டத்தின் தாவரவியல் பேராசிரியர், “அனுபவத்தை வாங்கினார்கள், அதுதான் நிர்வாகம்” என்றார். 2020-ல் அமீரகத்தில் அதே அணி ஏழாவது இடத்துக்குப் போனது, முதல் முறையாக ப்ளே ஆஃப் (முதல் நான்கு அணிகள் மட்டும் ஆடும் சுற்று) பக்கமே போகவில்லை. அதே பேராசிரியர், “கிழவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?” என்றார். சரி, வயதுதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம். 2021 இறுதி ஆட்டத்தில் ஆடியவர்களைப் பாருங்கள். தோனிக்கு 40, பிராவோவுக்கு 38, டு பிளெஸ்ஸிக்கு 37, ராயுடுவுக்கு 36, உத்தப்பாவுக்கு 35. ஆடியதும் துபாயில்தான், எனவே அமீரகத்து ஆடுகளத்தின் மேலும் பழி போட முடியாது. டு பிளெஸ்ஸி 86 அடித்தார், கோப்பை வந்தது. அப்போது பேராசிரியர் என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அவரைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. எங்கள் கூட்டத்தில் ஆழமாகப் படித்தவர் அவர்தான். மூன்று வருடமும் அவர் சொன்ன தகவல்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் முடிவைக் காட்டாமல் அணிப் பட்டியலை மட்டும் அவர் கையில் கொடுத்திருந்தால் 2018, 2020, 2021 என்று வரிசைப்படுத்தியிருக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி. வயது என்ற தகவலை ஜெயித்தால் வரவிலும் தோற்றால் செலவிலும் எழுதினால் அந்தத் தகவலுக்கு மதிப்பே கிடையாது.

ஒரு பந்தில் தலையெழுத்து மாறியதையும் சொல்ல வேண்டும். 2019 இறுதி ஆட்டத்தில் கடைசிப் பந்தில் இரண்டு ரன் வேண்டும்; மலிங்கா வீசினார், ஷர்துல் தாக்குர் எல்பிடபிள்யூ. ஒரு ரன்னில் மும்பைக்குப் போனது கோப்பை. 2023-ல் அகமதாபாத்தில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். மோகித் சர்மாவை ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர் அடித்தார். 2019-ன் அந்தப் பந்து பேட்டில் சரியாகப் பட்டிருந்தால், 2023-ன் கடைசிப் பந்து கொஞ்சம் தவறியிருந்தால், 2019-ன் நிர்வாகம் மேதைகளாகவும் 2023-ன் நிர்வாகம் மண்ணாகவும் நமக்குத் தெரிந்திருக்கும். ஏலத்தில் செலவழித்த ஒரு ரூபாய்கூட மாறியிருக்காது.

கோப்பை வந்துவிட்டால் எல்லா வவுச்சரும் பாஸ் ஆகிவிடும். அந்த 2023-ல் பென் ஸ்டோக்ஸை 16.25 கோடிக்கு எடுத்தார்கள். அவர் ஆடியது இரண்டே ஆட்டம். யாராவது கேட்டோமா? ரஹானேவை 50 லட்சத்துக்கு எடுத்ததைத்தான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 2025-ல் நேர்மாறு. நூர் அகமதுவைப் பத்துக் கோடிக்கு வாங்கினார்கள், 24 விக்கெட் எடுத்தார், அந்த சீசனின் விக்கெட் பட்டியலில் இரண்டாவது இடம். அணி பத்தாவது இடத்தில் முடிந்ததால் “ஏலமே குப்பை” என்ற ஒரே மூட்டையில் அவரையும் போட்டுக் கட்டிவிட்டோம்.

ருதுராஜ் கெய்க்வாட் கதை இதைவிட வேடிக்கை. 2020-ல் அவர் ஆடிய முதல் மூன்று இன்னிங்ஸ்: 0, 5, 0. மொத்தம் ஐந்து ரன். அந்த அக்டோபரில் ராஜஸ்தானிடம் தோற்றபின், இளைஞர்களிடம் ‘ஸ்பார்க்’ தெரியவில்லை என்ற பொருளில் தோனி சொல்லப்போக, தமிழ்நாடே கொதித்தது. அந்த மூன்றில் கடைசி 0 வந்தது அதற்கு அடுத்த ஆட்டத்தில்தான். அதன்பின் வந்த மூன்று இன்னிங்ஸில் கெய்க்வாட் 65, 72, 62 அடித்தார்; அதில் இரண்டில் ஆட்டமிழக்கவும் இல்லை, மூன்று ஆட்டத்தையும் சென்னை ஜெயித்தது. அடுத்த வருடம் 635 ரன்னோடு, சீசனில் அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பி. குளக்கரையில் இரண்டு கட்சி. தோனியின் வார்த்தைதான் பையனைக் கிளப்பிவிட்டது என்றது ஒன்று. திறமையை வெளியே உட்கார வைத்த நிர்வாகத்துக்கு இது செருப்படி என்றது மற்றது. இரண்டுக்கும் ஆதாரம் அதே 199 ரன். தோனி அதைச் சொன்ன அன்றைக்கு ஸ்கோர்புக்கில் இருந்தது என்ன என்று நான் கேட்டால், “மேடம், நீங்க எப்பவும் பழைய கணக்கையே பேசுவீங்க” என்கிறார்கள். பழைய கணக்கைத்தானே நிர்வாகம் பார்த்து முடிவெடுக்க முடியும்? அடுத்த மாதத்துக் கணக்கு யாரிடம் இருந்தது?

இன்னொன்றையும் கேட்டேன், அதற்குப் பதில் வரவில்லை. முதல் மூன்று இன்னிங்ஸை வைத்து ஒருவரை வேண்டாம் என்பது தவறென்றால், அடுத்த மூன்றை வைத்து அவர் மகான் என்பது மட்டும் எப்படிச் சரியாகும்? மூன்று மூன்றுதான். 635 வந்தபிறகுதான் பேச ஏதோ இருந்தது.

தோனி எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்ற வழக்குக்கு வருகிறேன். கும்பகோணத்தில் இதனால் பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்திகள்கூட உண்டு. 2025 மார்ச் 28, சேப்பாக்கத்தில் பெங்களூருவோடு ஆட்டம். 2008-க்குப் பிறகு அந்த மைதானத்தில் அவர்களிடம் தோற்றதே கிடையாது. 197 வேண்டும், விக்கெட் சரிகிறது, அஸ்வின் இறங்குகிறார், தோனி ஒன்பதாவது ஆளாக வருகிறார். 16 பந்தில் 30 அடித்தார், ஆட்டம் 50 ரன்னில் போனது. இரண்டு நாள் கழித்து கவுகாத்தியில் பயிற்சியாளர் ஃபிளெமிங் விளக்கம் சொன்னார்: தோனியின் முழங்கால்கள் முன்போல் இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் ஓடி ஆட முடியாது, அன்றன்றைக்குப் பார்த்துத்தான் இறங்குகிறார்.

என் அண்ணன் மகள் பொறியியல் படிக்கிறாள். எண்களோடுதான் சண்டைக்கு வருவாள். “அத்தை, 2024-ல் அவர் ஸ்ட்ரைக் ரேட் 220. அப்படிப்பட்டவரை ஒன்பதாவதா இறக்கினா அது மேனேஜ்மென்ட்டா?” என்றாள். எண் சரிதான். 161 ரன், 73 பந்து; அதாவது நூறு பந்துக்கு 220 ரன் என்ற வேகம். அந்த 73-ஐப் பாருங்கள். ஒரு சீசன் முழுவதற்கும் 73 பந்து; ஒரு இன்னிங்ஸுக்கு ஏழு பந்துகூட வரவில்லை. ஏறக்குறைய எல்லாமே கடைசி ஓவர்களில், அடித்தே ஆக வேண்டிய நேரத்தில், ஆட்டமிழந்தாலும் பெரிய சேதமில்லாத நேரத்தில் ஆடியவை. அதை வைத்துப் பத்தாவது ஓவரில் இறங்கினாலும் 220-ல் அடிப்பார் என்று நீட்டுவது, ஒரு நாள் வசூலை 365-ஆல் பெருக்கிச் சங்கத்தின் ஆண்டு வருமானம் என்று எழுதுகிற வேலை. அவள் கோபித்துக்கொண்டு காபியைக் குடிக்காமலே போய்விட்டாள். மறுநாள் வந்து, “அப்ப ஃபிளெமிங் சொன்னா மட்டும் நம்பணுமா?” என்று கேட்டாள். இதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நம்ப வேண்டாம். நிர்வாகம் தன்னைப் பற்றித் தானே கொடுக்கும் விளக்கம் ஒரு வாக்குமூலம், அவ்வளவுதான். அதைக் கோப்பில் வைத்துக்கொண்டு வேறு பதிவேட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும். பார்த்தோம். 2024 மே மாதம் தரம்சாலாவில் பஞ்சாபோடு நடந்த ஆட்டத்திலும் தோனி ஒன்பதாவதாகத்தான் இறங்கியிருக்கிறார், சான்ட்னருக்கும் ஷர்துலுக்கும் பிறகு. ஹர்ஷல் படேல் பந்தில் முதல் பந்திலேயே போல்டு. அன்று சென்னை ஜெயித்தது; குளக்கரையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆக, இறங்கும் இடமும் ஆடும் பந்தும் குறைந்துகொண்டே வந்ததற்கு, ஃபிளெமிங்கின் முழங்கால் விளக்கம் வருவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே ஸ்கோர்கார்டில் சாட்சி இருக்கிறது. ஃபிளெமிங் சொன்னது பதிவேட்டோடு ஒத்துப்போகிறது. வைத்துக்கொள்ளலாம். (அப்படிப்பட்டவரை அணியில் வைத்துக்கொள்வது சரியா என்பது தனி வழக்கு. எனக்கு அதில் கருத்து உண்டு. அதை அச்சில் போட்டால் இந்த ஊரில் நான் காய்கறி வாங்க முடியாது.)

அதே ஃபிளெமிங் அதே வாரத்தில் இன்னொன்றும் சொன்னார். சேப்பாக்கத்தில் எங்களுக்குச் சொந்த மைதானச் சாதகம் என்று எதுவும் இல்லை, சில வருடங்களாகவே ஆடுகளத்தைக் கணிக்க முடியவில்லை என்று. இதையும் ஒத்துப்பார்த்தேன். 2024-ல் சேப்பாக்கத்தில் ஆடிய ஏழில் ஐந்து வெற்றி. வெளியூரில் ஏழில் இரண்டுதான். சாதகம் இல்லை என்பவருக்கு இது இடிக்கிறது. 2025-ல் சேப்பாக்கத்தில் ஆறில் ஒரே வெற்றி, தொடர்ந்து ஐந்து தோல்வி. ஹைதராபாத்கூட முதல் முறையாக அங்கே நம்மை ஜெயித்தது. அந்த சீசனின் நான்கு வெற்றியில் மூன்று வெளியூரில். எனவே ஆடுகளம் பல வருடமாகவே கைவிட்டுவிட்டது என்பதைவிட, 2025-ல் அந்த ஆடுகளத்துக்கு ஏற்ற அணி இல்லை என்று சொல்வது எண்களோடு பொருந்துகிறது. ஆடுகளத்தை அணி எடுத்தவர்கள் குறை சொல்லலாம், ஆனால் அணியை எடுத்தவர்கள் அவர்கள்தானே.

ஒரே ஆள், ஒரே வாரம், இரண்டு வாக்குமூலம். ஒன்று தேறுகிறது, ஒன்று தேறவில்லை. எங்கள் கூட்டத்தில் இப்படிப் பிரித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. ஃபிளெமிங்கைப் பிடித்தவர்கள் இரண்டையும் நம்பினார்கள், பிடிக்காதவர்கள் இரண்டையும் சாக்கு என்றார்கள். உங்கள் பக்கத்தில் வந்த கடிதங்களும் அப்படித்தான் இரண்டாகப் பிரிந்தன. நீங்களே எடுத்துப் பாருங்கள்.

‘உள் தகவல்’ ரகத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. எங்கள் கூட்டத்தில் கிரில் பட்டறை வைத்திருப்பவருக்கு சேப்பாக்கத்தில் வேலை பார்க்கும் ஒருவரை நன்றாகத் தெரிந்த ஒருவரைத் தெரியும். அவர் சொன்ன எதையும் நாங்கள் மறுக்க முடிந்ததில்லை. மறுக்க வழியில்லாத தகவலைப் பெறுவதும் ஒன்று, பெறாமல் இருப்பதும் ஒன்று. முன்னாள் வீரர் தொலைக்காட்சியில் சொன்னார் என்பதற்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு தருவேன், அவர் காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் மட்டும்.

இனி ஜடேஜா. 2012 முதல், தடை விழுந்த இரண்டு வருடம் போக, மஞ்சள் சட்டையில் இருந்தவர். அகமதாபாத் சிக்ஸும் ஃபோரும் அவருடையவை. அவர் போனது தாங்கவில்லை என்று எழுதும் வாசகரோடு எனக்குச் சண்டையே இல்லை. அது கருத்து, அதற்கு வவுச்சர் கேட்பது அநாகரிகம். அண்ணன் மகள் இந்தத் தடவை எண் எதையும் கொண்டுவரவில்லை. “எனக்குப் பிடிக்கல அத்தை, அவ்வளவுதான்” என்றாள். இந்த மாதம் நான் கேட்ட பேச்சிலேயே நாணயமானது அது. வருத்தத்தை மறைத்து அதன் மேல் சராசரியையும் எகானமியையும் போர்த்திக்கொண்டு வருகிறவர்களிடம்தான் தேதி கேட்க வேண்டியிருக்கிறது. சென்ற சீசனில் ஜடேஜா 301 ரன், 10 விக்கெட். சாம்சன் ஒன்பது ஆட்டத்தில் 285 ரன். இந்த இரண்டு வரியிலிருந்து துரோகத்தையும் எடுக்கலாம், தொலைநோக்கையும் எடுக்கலாம் என்பதால்தான் இத்தனை கடிதங்கள்.

அதனால் ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். டிசம்பர் 16-ல் அபுதாபியில் ஏலம். அதற்கு முன்பே வாசகர்களிடம் கேளுங்கள்: அணிக்கு எது குறை, யாரை எடுக்க வேண்டும், என்ன காரணம், எது நடந்தால் நான் சொன்னது தவறென்று ஒத்துக்கொள்வேன். நான்கு வரி போதும். கடைசி வரி இல்லாத கடிதத்தைத் தள்ளிவிடுங்கள். வந்தவற்றைத் தேதியோடு போடுங்கள். ஐபிஎல் முடிந்த வாரத்தில் அவற்றையே, ஒரு எழுத்தும் மாற்றாமல், மறுபடியும் போடுங்கள். உங்கள் பத்தியாளர்களையும் அதே நான்கு வரியை எழுதச் சொல்லுங்கள். வாசகர்களுக்கு மட்டும் தணிக்கை வைத்தால் நன்றாக இருக்காது. ‘ரசிகர்கள் கொந்தளிப்பு’ என்று தலைப்புப் போடும்போது எத்தனை பேரிடம் கேட்டீர்கள் என்றும் பக்கத்தில் போட்டால் இன்னும் நல்லது. அது நடக்காது என்று தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

என் நான்கு வரியை இப்போதே தருகிறேன். அணிக்குக் குறை முதல் ஆறு ஓவர் பேட்டிங்கிலும், தோனிக்குப் பிறகு கீப்பர் யார் என்பதிலும். தோனிக்கு 44 ஆகிவிட்டது, கீப்பரும் முதல் வரிசை பேட்ஸ்மேனுமான சாம்சனுக்கு 31, எனவே இந்தப் பரிமாற்றம் சரி என்கிறேன். ஆனால் ஜடேஜா போன இடத்தில் நான்கு ஓவர் சுழலும் ஏழாவது இடத்து பேட்டிங்கும் சேர்ந்த ஓட்டை விழுந்திருக்கிறது, அதையும் வேகப்பந்து வீச்சாளர் பதிரானாவை விடுவித்த இடத்தையும் ஏலத்தில் அடைக்க வேண்டும். சுழலும் பேட்டிங்கும் தெரிந்த ஒருவரை எடுக்காமல் திரும்பி வந்தாலோ, சாம்சனை முதல் மூன்று இடத்துக்குக் கீழே இறக்கினாலோ, கோப்பையே வந்தாலும் இந்தப் பரிமாற்றத்தை நஷ்டக் கணக்கில்தான் எழுதுவேன். இரண்டும் சரியாக நடந்து அணி மறுபடி பத்தாவது இடத்துக்குப் போனாலும் இதைத் தவறான முடிவு என்று சொல்ல மாட்டேன். இடப்பற்றாக்குறை என்றால் மேலே உள்ள எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். இந்தப் பத்தியை மட்டும் தேதியோடு போடுங்கள், ஜூனில் மறுபடியும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கூட்டுறவுத் தணிக்கையாளர்,
கும்பகோணம்.

(பெயர் வேண்டாம். பேராசிரியரும் உங்கள் வாசகர்தான்.)